வில் வளைத்தவரும் வில் செய்தவரும்

வில்லைப் பற்றிப் பேசாத இலக்கியம் உலகில் அரிது. வில்லை வளைத்த வீரனைப் போற்றிய புலவர் எல்லா மொழிகளிலும் உளர். நாணேற்றியவன் பெயரும், அவன் எய்த அம்பு சென்ற தொலைவும், அது துளைத்த கவசமும் வரலாற்றில் ஏறின. ஆயின், அந்த வில்லைச் செய்தவர் யார் என்னும் வினாவை எழுப்பியோர் மிகச் சிலரே. மரத்தைத் தேர்ந்து, உலர்த்தி, செதுக்கி, வளைத்துப் பார்த்து, மீண்டும் செதுக்கி, ஒரு கட்டைக்குத் துடிப்பைத் தந்த அந்தக் கைக்குரியவர் எங்கே போனார்?

இது பழம்பொருள் ஆய்வாளரின் வினா மட்டுமன்று. அறத்தைப் பற்றிய வினாவுமாகும். நன்கு செய்யப்பட்ட ஒரு பொருள் நம் கண்முன் இருக்கிறது; செய்தவர் இல்லை; அவர் பெயரும் இல்லை. அவருக்கு நாம் ஏதேனும் கடன்பட்டிருக்கிறோமா? கடன் உண்டெனில் எதைக் கொண்டு அதைத் தீர்ப்பது? பெயர் கிடைக்காவிடில் அந்தக் கடன் தீராமலே நின்றுவிடுமா? இவ்வினாக்களைப் பொதுவாகப் பேசிக்கொண்டிருப்பதில் பயனில்லை. உண்மையான வில் ஒன்றை முன்னே வைத்துக்கொண்டு சிந்திப்பதே முறை.

கடல் காத்த விற்கள்

1545ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள், இங்கிலாந்தின் தென்கரையில் போர்ட்ஸ்மத் துறைமுகத்துக்கு எதிரேயுள்ள சோலன்ட் நீரிணையில், பிரெஞ்சுக் கடற்படையை எதிர்க்கப் புறப்பட்ட 'மேரி ரோஸ்' என்னும் போர்க்கப்பல் ஒருபுறமாகச் சாய்ந்து மூழ்கியது. மன்னர் எட்டாம் ஹென்றி கரையிலிருந்த சவுத்சீ கோட்டையில் நின்று அதைக் கண்டார். கப்பலில் இருந்த சுமார் 500 பேரில் உயிர் பிழைத்தோர் 35 பேருக்கும் குறைவு.

கப்பலைச் சேறு மூடியது. காற்றுப் புகாத அந்தச் சேறு, தரையில் இருந்திருந்தால் என்றோ மக்கிப் போயிருக்கக்கூடிய பொருள்களை நான்கு நூற்றாண்டுகளுக்கும் மேலாகக் காத்து வைத்தது. 1971இல் சிதைவு அடையாளம் காணப்பட்டது. 1982 அக்டோபர் 11ஆம் நாள் கப்பலின் எஞ்சிய உடற்பகுதி நீருக்கு மேலே தூக்கப்பட்டது. அந்த ஆண்டுகளின் அகழாய்வில் 172 நெடுவிற்களும் 3,500க்கும் மேற்பட்ட அம்புகளும் கிடைத்தன. விற்களுட் பல, பெட்டிகளில் அடுக்கிய நிலையிலேயே கீழ்த்தளத்தில் இருந்தன.

இந்தக் கண்டெடுப்பின் அருமையை உணரவேண்டுமெனில் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். 1346இல் கிரெஸியிலும் 1415இல் அஜின்கோர்ட்டிலும் இங்கிலாந்து வில்லாளர் பெற்ற வெற்றிகள் பள்ளிப் பாடங்களிலும் இடம்பெற்றவை. ஆயினும் அந்த மரபைச் சேர்ந்த நெடுவில்லை நேரிற் காண்பது, மேரி ரோஸ் வெளிப்படும் வரையில் மிக அரிதாகவே இருந்தது. புகழ் நிலத்தில் நின்றது. வில் மண்ணோடு மண்ணாயிற்று. மூழ்கிய கப்பல் ஒன்றே வில்லை மீட்டுத் தந்தது.

அந்தக் கப்பலைச் சார்ந்த பெயர்கள் சில நமக்குத் தெரியும். துணைக் கடற்படைத் தலைவர் ஜார்ஜ் கேர்யூ, கப்பல் தலைவர் ரோஜர் கிரென்வில் ஆகியோரின் பெயர்கள் ஏடுகளில் உள்ளன. சமையற்காரர் ஒருவருடைய பெயர் என்று கருதப்படும் எழுத்துகள்கூட ஒரு மரக்கிண்ணத்தில் கீறப்பட்டுள்ளன. பெயர் தெரியாத வில்லாளரும் தம் உடலாற் சான்று விட்டுச் சென்றனர். கிடைத்த எலும்புக்கூடுகள் சிலவற்றில், வளர்ந்த மனிதருக்கு இணைந்திருக்க வேண்டிய தோளெலும்பின் நுனி இணையாமலே இருந்தது. இளமை முதல் கடினமான வில்லை இழுத்துப் பழகியதன் விளைவு இது என்று ஆய்வாளர் கருதினர். மணிக்கட்டில் கட்டும் தோற்பட்டைகளும் கிடைத்தன.

ஏவியவர் ஏட்டிலும் எய்தவர் எலும்பிலும் இருக்க, செய்தவர் கப்பலிலேயே இல்லை. அவர் கரையில் எங்கோ ஒரு பட்டறையில் அடுத்த கட்டையைச் செதுக்கிக்கொண்டிருந்திருப்பார். 1546இல் மன்னருக்கு அளிக்கப்பட்ட கடற்படைப் பட்டியலான 'அந்தோணி சுருள்', மேரி ரோஸுக்கு உரியனவாக 250 யூ மர விற்களைக் குறிப்பிடுகிறது. அரசாங்கம் வில்லை எண்ணியது. வில் செய்தவரை எண்ணவில்லை.

மரம் கூறும் சாட்சியம்

பெயர் இல்லாத இடத்தில் கையைத் தேடலாம். கைவேலைப் பொருள் எதுவும் முற்றிலும் ஊமையன்று.

இவ்விற்கள் யூ மரத்தாலானவை. அம்மரத்தின் வெளிப்புறத்தில் வெண்ணிறப் பகுதி. உள்ளே செம்பழுப்பான வைரம் பாய்ந்த பகுதி. வெண்பகுதி இழுப்பைத் தாங்கும். வைரப்பகுதி அமுக்கத்தைத் தாங்கும். ஆதலால் எய்பவருக்கு எதிர்ப்புறமாக அமையும் முதுகில் வெண்பகுதியையும், அவரை நோக்கிய வயிற்றில் வைரத்தையும் வைத்து, இரண்டும் ஒரே கட்டையில் நிற்குமாறு வில்லைச் செதுக்குகிறார்கள். கொம்பும் தசைநாரும் ஒட்டிச் செய்யவேண்டிய வேலையை இயற்கையே இம்மரத்தில் செய்து வைத்திருக்கிறது. ஆனால் அதைக் கண்டு வெளிக்கொணர்வது கைவினைஞரின் வேலை.

மரத்தின் ஆண்டு வளையம் நேர்க்கோட்டில் ஓடுவதில்லை. மேடும் பள்ளமுமாக நெளியும். வில்லின் முதுகு அந்த நெளிவை ஒட்டியே ஓடவேண்டும். அழகுக்காக நேராக இழைத்தால் நார் அறுபடும். அறுபட்ட இடத்தில் வில் என்றேனும் ஒருநாள் முறியும். கணு வரும் இடத்தில் மரத்தைச் சற்று மேடாக விட்டுவிட வேண்டும். ஒழுங்கற்றதைப் போலத் தோன்றும் அந்த மேட்டில்தான் செய்தவரின் அறிவு இருக்கிறது. மேரி ரோஸ் விற்களில் இத்தகைய இடங்களைப் பார்த்தவர்கள், வேகமாய் வேலை செய்து பழகிய, ஆயினும் எங்கே விரைவு கூடாது என்பதை நன்கறிந்த கைகளை அங்கே கண்டனர்.

இவ்விற்களின் சராசரி நீளம் ஏறத்தாழ 1.98 மீட்டர், அதாவது, எய்தவர் பலரைவிட வில் உயரமானது. அவற்றைப் போலவே செய்து பார்த்தும் கணக்கிட்டும் அறிந்ததில், நாணை முழுதும் இழுக்க 100 முதல் 185 ராத்தல் வரையிலான விசை வேண்டியிருந்திருக்கும் என்று மதிப்பிட்டனர். இவ்வளவு விசையைத் தாங்கும் கட்டையில் ஒரு தவறான செதுக்கல் போதும். எய்பவரின் முகத்தருகே வில் வெடித்துவிடும். ஆகவே செதுக்கிய ஒவ்வொரு சீவலும் முன்பின் அறியாத ஒருவரின் உடலைப் பற்றிய கவலையாகவும் இருந்தது.

மரம் மற்றொன்றையும் கூறுகிறது. நல்ல வில்லுக்குரிய நெருக்கமான வளையங்களை உடைய யூ மரம் இங்கிலாந்தில் போதுமான அளவு கிடைக்கவில்லை. குளிர்மலைகளில் மெல்ல வளர்ந்த மரங்கள் ஐரோப்பியப் பெருநிலத்திலிருந்து வந்தன. 1472ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, வெளிநாட்டுக் கப்பல்கள் கொண்டுவரும் ஒவ்வொரு டன் சரக்குக்கும் நான்கு வில்கட்டைகள் வீதம் கொண்டுவர வேண்டும் என்று விதித்தது. வில்லைச் செய்தவர் யார் என்று கேட்கும்போது, மலையில் மரத்தை வெட்டியவரையும், பிளந்தவரையும், கப்பலேற்றியவரையும், உலர வைத்துக் காத்தவரையும் சேர்த்தே கேட்கிறோம். 'செய்தவர்' என்னும் ஒருமையே நம் மொழி தரும் வசதிதான். ஒரு வில்லுக்குப் பின்னால் ஒரு வரிசை நிற்கிறது. அந்த வரிசையில் இறுதியாக நின்று, முடிவுகளை எடுத்துப் பொறுப்பேற்றவரையே நாம் வில் செய்தவர் என்கிறோம்.

குறி எதற்காக?

மேரி ரோஸ் விற்கள் பலவற்றின் நடுப்பகுதிக்கு அருகே, கூரிய கருவியாற் குத்தியும் அழுத்தியும் இட்ட சிறு குறிகள் காணப்படுகின்றன. எழுத்துகள் அல்ல; புள்ளிகளும் சிறு வடிவங்களும். இவை செய்தவர் இட்ட அடையாளங்கள் என்பது ஒரு கருத்து. அம்பு தங்கவேண்டிய இடத்தை அல்லது வில்லின் மேல்முனை எது என்பதைக் காட்டும் குறிகள் என்பது மற்றொரு கருத்து. ஒரே குறி இரண்டு பணிகளையும் செய்திருக்கக் கூடும். கைப்பிடி தனியாக அமையாத இவ்விற்களில் அப்படி ஒரு குறி எய்பவருக்கு உதவியாகவே இருந்திருக்கும்.

அது செய்தவரின் அடையாளமே என்று கொண்டால், அதை அவர் ஏன் இட்டார்? புகழுக்காக என்றே நம் காலத்து மனம் உடனே விடை கூறும். ஓவியன் தன் ஓவியத்தின் மூலையில் பெயரெழுதுவதைப் பார்த்துப் பழகிய மனம் அது. ஆனால் அக்காலத்துச் சட்டங்கள் வேறு விடை தருகின்றன.

லண்டன் நகரில் வில் செய்வோரும் அம்பு செய்வோரும் 1371இல் இரு தனித் தொழிற்குழுக்களாகப் பிரிந்தனர். ஒருவர் இரண்டு தொழிலையும் செய்யலாகாது என்று வரையறுத்துக்கொண்டனர். பின்னர் 1406இல், நான்காம் ஹென்றியின் ஆட்சியில் ஒரு சட்டம் பிறந்தது. அம்புமுனை வடிக்கும் கொல்லர்கள் பழுதான முனைகளைச் செய்து விற்கிறார்கள். அதனால் நாட்டுக்குக் கேடு விளைகிறது. ஆகவே முனைகளை எஃகால் நன்கு கடினப்படுத்தவேண்டும், ஒவ்வொரு முனையிலும் செய்தவர் தம் குறியை இடவேண்டும், தவறினால் தண்டனை என்பது அச்சட்டத்தின் சாரம். அம்புமுனையில் குறி இடச் சொன்னது கொல்லரைப் பாராட்டுவதற்காகவன்று. பழுது வந்தால் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவதற்காக!

இது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. செய்தவரின் குறி, தொடக்கத்தில், 'என்னைப் புகழுங்கள்' என்னும் வேண்டுகோளாக இருக்கவில்லை. 'இதற்கு நான் பதில் சொல்வேன்' என்னும் வாக்குறுதியாக இருந்தது. பழுது கண்டு தேடி வருவோர்க்குத் தம் முகத்தைக் காட்ட ஒப்புக்கொண்ட ஒருவரின் கையொப்பம் அது. நாம் இன்று அதே குறியைப் பார்த்து, பாராட்டுவதற்காக அவரைத் தேடுகிறோம். அவரோ பழிக்கு அஞ்சாமல் அதை இட்டார். பாராட்டு ஒருகாலத்தில் வரும் என்று நினைத்தாரோ இல்லையோ, வினவ வருவார்கள் என்பதை அறிந்தே செதுக்கினார்.

அவ்வாறு வினவுவது அன்று இயல்பாகவும் இருந்தது. கப்பல் மூழ்கிய அதே 1545ஆம் ஆண்டில் ரோஜர் ஆஸ்கம் என்னும் அறிஞர் வில்வித்தை பற்றித் 'டாக்ஸோஃபிலஸ்' என்ற நூலை வெளியிட்டு மன்னருக்கே அர்ப்பணித்தார். வாங்கிய வில்லை முதலில் வெளிநிலத்தில் எய்து பழக்கி, எங்கே அதிகம் வளைகிறது என்று கண்டு, மீண்டும் வில் செய்பவரிடம் கொண்டுபோய்ச் சீர்செய்து கொள்ளுமாறு அதில் அவர் அறிவுரை கூறுகிறார். செய்தவரும் பயன்படுத்துபவரும் ஒருவருக்கொருவர் கண்ணெட்டும் தொலைவில் வாழ்ந்த உலகம் அது. விலை கொடுத்தவுடன் உறவு முடிந்துவிடவில்லை. அங்கே பெயர் எழுதவேண்டிய தேவையே மிகுதியாக இல்லை. ஒரு புள்ளி போதுமாயிருந்தது.

அமல் என்னும் சொல்

இதே காலத்தில் உதுமானிய நாட்டு விற்களைப் பார்த்தால் வேறொரு வழக்கம் தெரிகிறது. அவை முற்றிலும் மரத்தாலானவை அல்ல. மேப்பிள் மரத்தை நடுவே வைத்து, வயிற்றுப்புறம் எருமைக் கொம்பையும் முதுகுப்புறம் தசைநாரையும் பசையிட்டு ஒட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் பல நாள்கள் காயவைத்துச் செய்த கூட்டு விற்கள். பொறுமையே அத்தொழிலின் முதல் கருவி. இஸ்தான்பூலில், 1453க்குப் பின் சுல்தான் இரண்டாம் முஹம்மத் ஏற்படுத்திய ஒக்மைதான் என்னும் வில்வித்தை மைதானத்தில், தொலைவிற் சாதனை புரிந்தோரின் பெயர்களைத் தாங்கிய கற்கள் நாட்டப்பட்டன. எய்தவர்க்குக் கல் இருந்தது போலவே செய்தவர்க்கும் இடமிருந்தது. உதுமானிய விற்கள் பலவற்றில் செய்தவரின் பெயரும் ஹிஜ்ரி ஆண்டும் எழுதப்பட்டுள்ளன. சுல்தான் இரண்டாம் பாயஸீதே வில் செய்யும் கலை பயின்றவர் என்று கூறப்படுகிறது.

அப்பெயர்களுக்கு முன்னே 'அமல்' என்னும் சொல் வரும். 'இன்னாருடைய அமல்' என்றால் இன்னாருடைய வேலை என்று பொருள். விற்களில் மட்டுமன்று, இஸ்லாமிய உலகின் செம்புப் பாத்திரங்களிலும் மரவேலைகளிலும் கைவினைஞர் தம் பெயரை இச்சொல்லோடு சேர்த்தே பொறித்தனர். தமிழ் முஸ்லிம்களாகிய நமக்கு அமல் என்றவுடன் தொழுகையும் நோன்பும் நற்செயலும் நினைவுக்கு வரும். மறுமையில் நிறுக்கப்படும் செயல் என்றே அச்சொல்லை வீட்டிலும் பள்ளிவாசலிலும் கேட்டு வளர்ந்திருக்கிறோம். பட்டறையில் செய்த வேலைக்கும் அதே சொல்தான். உளி பட்ட இடமும் கணக்கில் உண்டு என்பதை அந்த ஒரு சொல் உணர்த்துகிறது.

ஓர் அம்பின் பொருட்டு மூவர் சுவனம் புகுவர் என்னும் கருத்தமைந்த நபிமொழி ஒன்று அபூதாவூத், திர்மிதி ஆகியோரின் தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளது. நன்மையை நாடி அதைச் செய்தவர், அதை எய்தவர், அதை எடுத்துக் கொடுத்தவர் என்னும் மூவர். எய்தவரை மட்டும் பாடிய உலகில், செய்தவரை அவரோடு சேர்த்து நிறுத்தும் இக்கருத்து உன்னிப்பாக நோக்கத்தக்கது. அங்கே செய்தவர்க்கு ஒரு நிபந்தனையும் உண்டு: அவருடைய நிய்யத் நன்மையை நாடியதாக இருக்கவேண்டும். கைத்திறன் மட்டும் போதாது.

இந்த நிபந்தனையின் மறுபக்கத்தையும் நாம் பார்க்காமல் விடலாகாது. வில் ஓர் ஆயுதம். நன்மையில் செய்தவருக்குப் பங்கு உண்டெனில், தீமையில் மட்டும் பங்கில்லை என்று கூற முடியுமா? 'நான் செய்து கொடுத்தேன்; எய்தவன் எவனோ' என்று கையை உதறிவிட முடியுமா? பெயரின்மை சில வேளை அடக்கமாக இருக்கும். சில வேளை ஒளிந்துகொள்ளும் இடமாகவும் ஆகிவிடும். நம் காலத்தில் பேரழிவுக் கருவிகளைச் செய்வோர் ஆயிரக்கணக்கானோர். ஒருவரும் முழுக் கருவியைச் செய்வதில்லை. ஆகவே ஒருவரும் பதில் கூறுவதில்லை. அந்த வில்லின் நடுவே குத்திய புள்ளி இவர்களையெல்லாம் விட நேர்மையானது.

பெயரை மட்டும் தராத மனிதர்

இதுவரை பெயரையும் கையையும் பிணைத்தே பேசி வந்தோம். இவ்விரண்டும் பிரிந்தே நிற்கக்கூடும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உண்மை நிகழ்ச்சி உண்டு.

1911 ஆகஸ்ட் மாத இறுதியில், கலிஃபோர்னியாவின் ஓரோவில் என்னும் ஊரில், பசியால் மெலிந்த ஒருவர் தனியே வந்து சேர்ந்தார். குடியேறிய வெள்ளையரால் அழிக்கப்பட்ட யாஹி இனத்தில் எஞ்சியவர் அவர் ஒருவரே. அவரைச் சான் பிரான்ஸிஸ்கோ நகரிலிருந்த பல்கலைக் கழக அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றனர். பெயர் கேட்டபோது அவர் கூறவில்லை. தம் பெயரைத் தாமே கூறுவது அவர் இனத்து வழக்கமன்று, மற்றொருவர் கூறவேண்டும். கூறுவதற்கு அந்த மற்றொருவர் உயிரோடில்லை. ஆகவே அவர் மொழியில் 'மனிதர்' என்று பொருள்படும் 'இஷி' என்னும் சொல்லால் அவரை அழைத்தனர்.

அவர் வில் செய்வதில் வல்லவர். ஜூனிபர் மரத்தில் வில் செதுக்கி, முதுகில் தசைநாரை ஒட்டுவார். அளவுகோலாகப் பயன்பட்டது அவருடைய உடலே. சாக்ஸ்டன் போப் என்னும் மருத்துவர் அவரிடம் மாணவராய் அமர்ந்து ஒவ்வொரு செயலையும் குறித்து வைத்தார். வில்லை நிறுத்தி வைத்தால் அது ஓய்வின்றி வேலை செய்துகொண்டே இருந்து தளர்ந்துவிடும்; படுக்க வைக்கவேண்டும் என்பது இஷி கூறிய பாடங்களுள் ஒன்று. 1916 மார்ச் 25ஆம் நாள் அவர் காசநோயால் இறந்தார். அவர் செய்த பொருள்கள் இன்றும் கலிஃபோர்னியப் பல்கலைக் கழக அருங்காட்சியகத்தில் உள்ளன. எந்த மரத்தை எப்படி எடுத்தார், எந்தக் கையால் பிடித்தார், எப்போது நிறுத்தினார் என்பதெல்லாம் தெரியும். அவர் பெயர் தெரியாது.

மேரி ரோஸ் வில்லைச் செய்தவரின் பெயரும் தெரியாது. இஷியின் பெயரும் தெரியாது. ஆனால் இவ்விரண்டு அறியாமையும் ஒன்றல்ல. முன்னவர் பெயரை உலகம் எழுதி வைக்க மறந்தது. பின்னவர் பெயரைத் தாங்கி நின்ற மக்களையே உலகம் அழித்தது. பெயர் என்பது ஒருவருக்குள் இருக்கும் பொருளன்று. அவரை அழைக்கும் பிறரிடம் அது வாழ்கிறது. அழைப்போர் இல்லாதபோது பெயரும் இல்லை.

அவர் கையைப் படித்ததில் மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது. 1990களில் அவருடைய கல் அம்புமுனைகளை ஆராய்ந்த ஸ்டீவன் ஷாக்லி என்னும் ஆய்வாளர், அவை பழைய யாஹி முனைகளைவிட அண்டை இனத்தவரின் முனைகளையே மிகவும் ஒத்திருப்பதாகக் கண்டார். அவருடைய உறவோ பயிற்சியோ அவ்வினத்தாரோடும் தொடர்புடையதாக இருக்கலாம் என்பது அவர் முடிவு. வாய் கூறாததைக் கை கூறியது. தமக்குக் கற்றுக் கொடுத்தவரின் விரல்களை அவர் தம் விரல்களில் சுமந்திருந்தார்.

ஆயின், அறியும் வேட்கைக்கும் ஓர் எல்லை உண்டு. அவர் இறந்தபின், அவர் வழக்கத்துக்கு மாறாக உடலை அறுத்து, மூளையை எடுத்து வாஷிங்டனுக்கு அனுப்பினர். 2000ஆம் ஆண்டில்தான் அது உறவுவழிப் பழங்குடியினரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் விரும்பிக் கற்பித்ததை அடக்கத்தோடு கற்றுக்கொள்வது ஒன்று. அவரையே பொருளாக்கி அறுப்பது மற்றொன்று. முன்னதில் நன்றி இருந்தது. பின்னது ஆராய்ச்சி என்னும் பெயரில் நிகழ்ந்த அவமதிப்பு.

பொய்ப்பெயரின் தீமை

செய்தவரைத் தேடுவோர்க்கு மேலும் ஒரு சோதனை உண்டு. பெயர் கிடைக்காத வெறுமை மனத்தை உறுத்தும். அந்த வெறுமையை ஏதேனும் ஒரு பெயரால் நிரப்பிவிட ஆசை தோன்றும். அந்நாளில் வாழ்ந்த புகழ்பெற்ற ஒருவரின் பெயரை ஒட்டிவிட்டால் போதும். பொருளுக்கு மதிப்பு ஏறும், விலையும் ஏறும். பழம்பொருள் வணிகத்தில் இந்தச் சோதனை புதியதன்று.

இதனால் யாருக்கு என்ன தீங்கு என்று கேட்கலாம். செய்தவரோ மாண்டார், அவருக்கு வலிக்கப் போவதில்லை என்றும் கூறலாம். ஆனால் எண்ணிப் பாருங்கள். பெயர் மறைந்த ஒருவரிடம் எஞ்சியிருப்பது அவருடைய வேலை ஒன்றுதான். பொய்ப்பெயர் அந்த வேலையையும் பறித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடுகிறது. காலம் அவர் பெயரை எடுத்தது. நாம் அவர் கையையும் எடுத்துவிடுகிறோம். காலம் செய்ததில் வஞ்சகம் இல்லை. நாம் செய்வதில் உண்டு. வேலையைக் கொண்டு அறிய முடிந்ததைச் சொல்லி, அதற்கப்பால் நாவை அடக்கிக்கொள்வதே அவருக்குச் செய்யும் நீதி. 'செய்தவர் பெயர் அறியப்படவில்லை' என்று அருங்காட்சியகத்தின் சிறு அட்டையில் எழுதியிருக்கும் வரி, தோல்வியின் அறிவிப்பன்று. உரியவர்க்கென ஒதுக்கி வைத்த இடம் அது, பிறர் அமரலாகாது.

பெயரைத் தேடுவதே வீண். வேலை சிறந்ததென்றால் போதாதா என்று கேட்போரும் உளர். இதில் பாதி உண்மை உண்டு. இறைவனுக்காகச் செய்யப்பட்ட செயலை இறைவன் அறிந்தால் போதும் என்று வாழ்ந்த பெரியோரை நாம் அறிவோம். ஆனால் தம் பெயரைத் தாமே மறைப்பது வேறு; பிறர் பெயரை நாம் மறப்பது வேறு. அடக்கம் செய்தவரின் குணமாக இருக்கலாம். அதைக் காரணமாகக் காட்டி, பயன்பெற்றவர் நன்றி மறக்க உரிமையில்லை.

நமது கடன்

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். பெயர் தெரியாத கைவினைஞருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அந்தக் கடனைப் பெயரைக் கண்டுபிடித்துத்தான் தீர்க்கவேண்டும் என்பதில்லை. அவர் செய்ததைப் பழுதின்றிக் காப்பது முதற் கடன். அதில் அவர் எடுத்த முடிவுகளை, கணுவை ஏன் மேடாக விட்டார் என்பது வரையில், பொறுமையோடு படித்தறிவது இரண்டாவது. தெரியாததைத் தெரிந்ததாகக் கூறாமலிருப்பது மூன்றாவது. இம்மூன்றையும் செய்தவர், பெயரை அறியாவிடினும் மனிதரை அறிந்தவராவார்.

நான்காவதாக ஒன்று உண்டு. அது இறந்தோர்க்கன்றி இருப்போர்க்குரியது. நாம் உடுத்தும் துணியை நெய்தவர், உட்காரும் நாற்காலியை இழைத்தவர், உறங்கும் பாயை முடைந்தவர் நம் காலத்திலேயே, பல வேளை நம் ஊரிலேயே வாழ்கின்றனர். பொருளின்மேல் இருப்பது விற்பவரின் பெயர், செய்தவரின் பெயரன்று. நானூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஆங்கிலேய வில் செய்பவர் ஒருவரைத் தேடி வருந்தும் நாம், அடுத்த தெருவில் இருப்பவரைக் கேட்க மறந்தால் அந்த வருத்தம் எத்தகையது? இறந்தவரைத் தேட ஆய்வு வேண்டும். இருப்பவரை அறிய ஒரு கேள்வி போதும்.

நமக்கும் இது பொருந்தும். நாம் ஒவ்வொருவரும் எதையோ செய்து உலகில் விட்டுச் செல்கிறோம். ஒருவர் கணக்கு எழுதுகிறார். ஒருவர் பாடம் நடத்துகிறார். ஒருவர் சுவர் எழுப்புகிறார். பெயர் நிற்குமா என்பது நம் கையில் இல்லை, பெரும்பாலும் நிற்காது. ஆனால் 'இதைச் செய்தது யார்?' என்று ஒருவர் தேடி வந்தால், முகத்தை மறைக்காமல் 'நான்தான்' என்று கூறத்தக்க வேலையைச் செய்வது நம் கையில் இருக்கிறது. அம்புமுனையில் குறியிட்ட கொல்லருக்கும், 'அமல்' என்று தொடங்கித் தம் பெயரை எழுதிய உதுமானியக் கைவினைஞருக்கும் அந்தத் துணிவு இருந்தது.

கப்பலின் கீழ்த்தளத்துப் பெட்டிகளில் அடுக்கியிருந்த விற்களை அன்று எடுத்து நாண்பூட்ட எவருக்கும் நேரம் வாய்க்கவில்லை. எவரும் பார்க்காமலே அவை நானூறு ஆண்டுகளுக்கு மேல் சேற்றில் கிடந்தன. ஆயினும் அவற்றின் முதுகில் வளையம் அறுபடவில்லை. கணுவின் மேடு இருந்தபடியே இருக்கிறது. பார்ப்பவர் இருப்பார் என்பதற்காகச் செய்த வேலையன்று அது. பதில் கூறவேண்டும் என்பதற்காகச் செய்த வேலை. அந்தப் பெயரறியாப் பெருமகனாருக்கு நாம் செலுத்தும் மெய்யான மரியாதை, நம் வேலையையும் அவ்வாறே செய்வதுதான்.